கடைசிப் பாட்டும் கடன்பாட்டா?

முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் கற்பித்த முதியவர் அவர். திருநீறு தரித்தறியாதவர், திவசம் கொடுத்தறியாதவர். மறைவதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே, கோடிட்ட நோட்டொன்றின் கடைசிப் பக்கத்தில் தம் கைப்பட எழுதிவைத்தார்: "என் உடல் வீட்டில் கிடக்கும் வேளையில் இந்த ஐந்து பாடல்கள் ஒலிக்கட்டும். வேறெதுவும் வேண்டா." ஐந்தில் ஒன்று, அவர் தாய் நடவு வயலிலே பாடிய பாட்டு. மற்றொன்று, அவர் துணைவியார் அடுப்படியிலே முணுமுணுக்கும் காதற்பாட்டு.

ஒலித்தனவா அவை? இல்லை! வாசலிலே பந்தல் எழுந்தது. வாடகை ஒலிபெருக்கி வந்தது. எமனையும் வைகுந்தத்தையும் பற்றிய ஒரே பாட்டு, காலை முதல் மாலை வரை கதறிக்கொண்டே இருந்தது. "சாவு வீட்டுக்கு இதைத்தான் போடுவது வழக்கம்" என்றார் ஒலிபெருக்கிக்காரர். "காதற்பாட்டா? ஊர் சிரிக்காதா?" என்றார் பங்காளி ஒருவர். மகன் அந்த நோட்டை மடித்துச் சட்டைப்பையிலே செருகிக்கொண்டான். துணைவியாரை எவரும் ஒரு சொல் கேட்டாரில்லை. அவரிடம் பயின்ற மாணவராகிய நாமோ, அதே பந்தற்காலில் சாய்ந்து நின்றோம், வாய் திறந்தோமில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்கு வித்து.

வாழ்நாளெல்லாம் மறுத்த ஒன்றை, மறுக்க வாயற்ற வேளையிலே ஒருவர் மீது ஏற்றுவதற்கு என்ன பெயர்? மரியாதையா? மரபா? இல்லை, தோழர்களே! அது களவு. பணத்தைக் களவாடினால் காவல் நிலையம் உண்டு. ஒருவர் வாழ்வின் பொருளைக் களவாடினால் கேட்பார் யார்?

"உயிரோடிருக்கும்போதே சாவைப் பேசுவது அபசகுனம்" என்பர் பழமை விரும்பிகள். காப்புறுதி எடுக்கையில் சாவைப் பேசவில்லையா? காணிக்கு உயில் எழுதுகையில் பேசவில்லையா? கால் காணி நிலத்துக்காகச் சாவைப் பேசும் நா, காதுக்கினிய பாட்டுக்காகப் பேசினால் மட்டும் அழுகிவிடுமோ!

நம் அணியிலிருந்தே எழும் கேள்வி ஒன்றுண்டு, அதுதான் கூர்மையானது. "செத்தவருக்குச் செவி ஏது? எந்தப் பாட்டு ஒலித்தால் என்ன? இறந்தபின் எதுவுமில்லை என்னும் பகுத்தறிவாளர், இதற்கேன் கவலைப்பட வேண்டும்?" உண்மை, செத்தவருக்குச் செவியில்லை. ஆனால் பந்தலிலே அமர்ந்திருக்கும் பேரனுக்குச் செவியுண்டு! தாத்தா எப்படி வாழ்ந்தார் என்பதை அவன் அன்றைக்குத்தான் கூர்ந்து கேட்கிறான். அவன் காதிலே விழுவது வைகுந்தப் பாட்டெனில், 'கடைசியிலே தாத்தாவும் பணிந்தார்' என்றல்லவா அவன் கற்றுக்கொள்வான்? பாட்டு பிணத்துக்கன்று; பிழைத்திருப்போருக்கு. அதனால்தான் பாட்டிலே பொய் புகக்கூடாது என்கிறோம்.

'மேனாட்டுப் பழக்கம், நமக்கெதற்கு?' என்று முகஞ்சுளிப்போரும் உளர். மேனாட்டிலும் இவ்வுரிமை தங்கத் தட்டிலே வைத்துத் தரப்படவில்லை. 1849 அக்டோபர் 17இல், போலந்து நாட்டு இசைமேதை சோப்பின் பாரிஸ் நகரிலே மறைந்தார், வயது 39. தம் இறுதி நிகழ்ச்சியிலே மொசார்ட்டின் இரங்கலிசை ஒலிக்க வேண்டுமென்பது அவர் விருப்பம். அவ்விசைக்குப் பெண்குரல் வேண்டும். மதலேன் தேவாலயமோ பெண்கள் பாடுவதை ஒப்பாத இடம்! இறுதியில் இசைவு கிடைத்தது. அக்டோபர் 30இல் நிகழ்ச்சி நடந்தது. எப்படி? பெண்கள் கறுப்புத் திரைக்குப் பின்னே நின்று பாடினர். மேதையின் விருப்பம் நிறைவேறியது. மாதரின் முகம் மறைக்கப்பட்டது. அதே மேனாட்டிலே காலம் எவ்வளவு நடந்திருக்கிறது, பாருங்கள். இங்கிலாந்திலே, ஈமச்சடங்கு நடத்தும் கூட்டுறவு நிறுவனமொன்று 2014இல் வெளியிட்ட பாடல் பட்டியலில் முதலிடம் பெற்றது நகைச்சுவைப் படமொன்றின் பாட்டு! அழ வந்தவர்களைச் சிரிக்கவைத்து அனுப்பிவிட்டுப் போகிறார் இறந்தவர்.

அந்தக் கறுப்புத் திரையைக் கண்டு நகைக்க நமக்குத் தகுதியுண்டா? ஒப்பாரி யார் படைத்த இலக்கியம்? ஏடறியாப் பெண்கள், மார்பிலே அறைந்துகொண்டு, அந்தக் கணத்திலேயே புனைந்த இலக்கியம் அது. அந்தப் பெண், பாடை புறப்பட்டதும் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டுமாம்! சுடுகாட்டுப் பாதை அவளுக்கு அடைக்கப்பட்ட கதவாம்! துணியால் நெய்த திரை அங்கே. சொல்லால் நெய்த திரை இங்கே. அதியமான் மறைவுக்கு ஔவை பாடிய கையறுநிலை புறநானூற்றிலே புகழோடு நிற்கிறதே, எந்தத் திரைக்குப் பின்னே நின்று பாடினார் அவர்?

இனி, இளைஞர்களை நோக்கி ஒரு சொல். "என் சாவிலே பறை முழங்கட்டும்" என்று எழுதும் ஆர்வம் இன்று பெருகியிருக்கிறது. நன்று! ஐந்திணைக்கும் கருப்பொருளாகத் தனித்தனிப் பறை வகுத்த மரபு நம்முடையது. ஒரு வீட்டிலே சாப்பறையும் மற்றொரு வீட்டிலே மணமுழவும் ஒருசேர ஒலிப்பதைப் பக்குடுக்கை நன்கணியார் புறநானூற்றின் 194ஆம் பாட்டிலே காட்டுகிறார். வகுப்பிலே நாம் நடத்தும் பாட்டு அது. ஆனால், நண்பரே, எழுதுமுன் எண்ணிப்பாரும். பறையடிப்பவர் விரும்பி வருகிறாரா? 'வரமாட்டேன்' என்று சொல்ல அவருக்கு உரிமையுண்டா? அவருக்கு நாற்காலி உண்டா, அல்லது வேலியோரந்தானா? 'சாவுக்கு அடிப்பது உன் சாதிக் கடமை' என்று ஊர் அழைத்த கொடுமைக்கு எதிராக, 'இனி அடியோம்' என்று பறையைக் கீழே வைத்தவர்கள் உண்டு. அந்த மௌனமும் ஒரு முழக்கமே! மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருது மேடையிலே கலைஞர், வீதியிலே 'ஏ, வாடா' என்றால், அந்தப் பறையொலி எவருக்குப் பெருமை? என் விடுதலையின் பாட்டு, இன்னொருவர் கையின் விலங்காகலாமா?

ஆகவே, எழுதுவோம், இப்போதே எழுதுவோம். எழுதிப் பெட்டியிலே பூட்டினால் போதாது. அந்த ஆசிரியர் நோட்டு பூட்டிலிருந்து வெளிவந்தும் பையிலே புதைந்தது. மனைவியிடம், மக்களிடம், நண்பர் இருவரிடம் படித்துக்காட்டுவோம். படியொன்று அவர்கள் கையிலே இருக்கட்டும். வாய் திறக்கும் துணிவையும் அவர்களிடம் உறுதியாகக் கேட்டுப் பெறுவோம். உடலை மருத்துவக் கல்லூரிக்கு ஈந்தோர், ஒப்படைக்கும் நேரத்துக்கான பாட்டையும் குறித்துவைப்போம்.

நாம் எழுதிவிட்டோம். முதற்பாட்டு, அம்மா பாடிய தாலாட்டு. இரண்டாவது, நம் வகுப்புப் பிள்ளைகள் மழைநாளில் பாடும் கூட்டுப்பாட்டு. மூன்றாவது பறை: விரும்பி வரும் கலைஞர்கள், பேசிய ஊதியம், பந்தலின் நடுவிலே இருக்கை. அதன் கீழே ஒரு வரி: "பெண்கள் கடைசிவரை உடன் வருக, அங்கும் பாடுக."

ஐந்தாம் இடத்தை வெறுமையாக விட்டிருந்தோம். இப்போது அதிலே, நம் ஆசிரியரின் பட்டியலிலிருந்து அந்தக் காதற்பாட்டை எழுதியிருக்கிறோம். அவர் வீட்டிலே ஒலிக்காத பாட்டு, நம் வீட்டிலேனும் ஒலிக்கட்டும்!