கடை கிம்முடையது, கல்லா யாருடையது?

கனடா நாட்டின் டொராண்டோ நகரில் ஒரு மூலைக்கடை. பால், ரொட்டி, சிகரெட், லாட்டரிச் சீட்டு விற்கும் கடை. கடைக்காரர் கொரியாவிலிருந்து பிழைக்கப் போய்க் குடியேறியவர். அவரையும் அவர் குடும்பத்தையும் வைத்து 'கிம்ஸ் கன்வீனியன்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடரை, அந்நாட்டு அரசுடைமைத் தொலைக்காட்சியான சி.பி.சி. 2016 அக்டோபரில் ஒளிபரப்பத் தொடங்கியது. 65 பகுதிகள் ஓடி, 2021 ஏப்ரலில் முடிந்தது. 2018 முதல் நெட்பிளிக்ஸ் வழியாகப் பிற நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

பட்டறையிலும் கட்டடத்திலும் இட்லிக் கூடையோடு தெருவிலும் பொழுதைக் கழிக்கும் நமக்குக் கனடாக்காரன் தொடர் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தத் தொடரில் பிள்ளைகள் தகப்பனாரை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கொரிய மொழியிலும் அதுவே சொல். தாயாரை, நம் இசுலாமியத் தோழர்கள் வீட்டில் கேட்பது போலவே 'உம்மா' என்கிறார்கள். சொல் ஒன்றுபோல் இருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஊர்விட்டு ஊர் போன குடும்பத்துக்கு நேரும் கதி ஒன்றுபோல் இருப்பது தற்செயல் அல்ல. அதனால்தான் எழுதுகிறோம்.

இரண்டு கட்சிகள்

தொடர் வந்ததும் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

குடியேறியவர்களின் பிள்ளைகள் பலர் மகிழ்ந்தார்கள். தங்கள் வீட்டுப் பேச்சையும் சண்டையையும் சாப்பாட்டையும் திரையில் முதன்முறையாகப் பார்த்ததாகச் சொன்னார்கள். வெள்ளையர் முகமே நிறைந்திருந்த கனடாத் தொலைக்காட்சியில், ஓர் ஆசியக் குடும்பம் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசுவதே அவர்களுக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

மற்றொரு கட்சி முகம் சுளித்தது. ஆசியாக்காரன் என்றால் மூலைக்கடைக்காரன்தானா என்று கேட்டது. உடைந்த ஆங்கிலம், கறாரான தகப்பன், மகளுக்கு மாப்பிள்ளை தேடும் தாய் என்று எல்லாம் வெள்ளைக்காரன் ஏற்கெனவே வரைந்து வைத்த படம்தானே என்றது. கொரிய உச்சரிப்பு அப்படி இருக்காது என்று சொன்ன கொரியர்களும் உண்டு. முதல் பகுதியே விவாதத்துக்கு இடம் கொடுத்தது. ஒருபாலின ஈர்ப்புடையோரின் பெருமித வாரத்தில், அவர்களை வெறுப்பவர் என்ற பழி தன்மேல் விழாதிருக்கக் கடைக்காரர் அவர்களுக்கு மட்டும் 15 சதவீதத் தள்ளுபடி அறிவித்துவிடுகிறார். யார் அப்படிப்பட்டவர் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று அடம்பிடிக்கிறார். இதில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் பார்த்தவர்களுக்குள் ஒற்றுமை இல்லை.

இரு கட்சியிலும் கொஞ்சம் உண்மை உண்டு என்று நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இரு கட்சியும் திரைக்கு முன்னால் நின்றே வழக்காடுகின்றன. திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

உச்சரிப்பு குற்றமா?

முதலில் உச்சரிப்பைப் பார்ப்போம். பிறமொழிக்காரன் பேச்சைப் பழித்துச் சிரிப்பது உலகெங்கும் உள்ள வியாபாரம். அமெரிக்காவின் 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரில் 1990ல் அபு என்ற இந்தியக் கடைக்காரன் வந்தான். அவனும் மூலைக்கடைக்காரன்தான். அவனுக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளையர். அந்தக் குரலை வைத்தே இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் கேலி செய்யப்பட்டதை ஹரி கொண்டபோலு 2017ல் ஓர் ஆவணப்படமாக எடுத்துக் காட்டினார். 2020ல் அசாரியா அந்தக் குரலைக் கைவிட்டார்.

நம் நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? 1968ல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் போட்ட தென்னாட்டுப் பாட்டு வாத்தியார் வேடத்தை இன்றைக்கும் வடக்கே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1966ல்தான் பம்பாயில் சிவசேனை தோன்றி, தென்னாட்டாரை விரட்டு என்று கூவியது. திரையில் கேலிப்பொருளான அதே தென்னாட்டான்தான் தெருவில் அடியும் வாங்கினான். படம் எடுத்தவர் அடிக்கச் சொன்னார் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஊரே சிரித்துப் பழகிய ஒரு மனிதனுக்கு அடி விழும்போது, பக்கத்தில் நிற்பவன் பதறுவதில்லை.

தமிழ்ப் படங்களும் யோக்கியமானவை அல்ல. 'நம்பள்கி நிம்பள்கி' என்று பேசும் சேட்டு இல்லாமல் எத்தனை படங்களில் கடைத்தெருக் காட்சி முடிந்திருக்கிறது? மதராசி என்ற சொல்லுக்குச் சினந்து எழும் நாம் அந்தச் சேட்டைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தால் நியாயம் எங்கே நிற்கும்?

ஆகவே உச்சரிப்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அப்பாவாக நடித்த பால் சன்-ஹியுங் லீ கொரியாவில் பிறந்து, கைக்குழந்தையாகக் கனடா போனவர். அந்த உச்சரிப்பு நகைச்சுவைக்கான பொருள் அல்ல, அந்த மனிதரின் ஒரு பகுதி என்பது அவர் வாதம். தொடரைப் பார்த்தால் அதில் நியாயம் இருப்பது தெரியும். தெருவில் தவறான இடத்தில் ஜப்பான் கார் நின்றால் அப்பா போலீசுக்குப் போன் போடுகிறார். கேட்டால் வரலாறு பேசுகிறார். 1910 முதல் 1945 வரை கொரியாவை ஜப்பான் அடிமைப்படுத்தி வைத்திருந்ததை அவர் மறக்கவில்லை. சிரிப்பு வருகிறது. ஆனால் அவருக்கு ஒரு நாடு, ஒரு கோபம், ஒரு நினைவு இருப்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. 'சேட்டு'க்கு அது எதையும் நம் படங்கள் கொடுத்ததில்லை. வேற்றுமை அங்கேதான் இருக்கிறது.

பேனா கை மாறிய கதை

இந்த அப்பா எங்கிருந்து வந்தார்? இன்ஸ் சோய் என்ற கொரிய-கனடிய நடிகர் எழுதிய மேடை நாடகத்திலிருந்து வந்தார். ஆசிய நடிகர்களுக்கு நல்ல வேடம் கிடைக்காத காலத்தில் சோய் தானே ஒரு நாடகம் எழுதினார். 2011ல் டொராண்டோ பிரிஞ்ச் நாடக விழாவில், தானே மகன் வேடம் போட்டு அரங்கேற்றினார். கொரியாவில் ஆசிரியராக இருந்து கனடாவில் கடைக்காரரான அப்பா, சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்போது கடையை விற்பதா, மகள் கையில் ஒப்படைப்பதா என்று தவிக்கிறார். மகன் தகப்பனிடம் அடிபட்டு, பெட்டியிலிருந்த பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன். இதுதான் நாடகம். இதில் சிரிப்பும் இருந்தது, காயமும் இருந்தது. மக்கள் திரண்டு வந்தார்கள். மறு ஆண்டே சோல்பெப்பர் என்ற பெரிய நாடகக் கம்பெனி அதை மேடையேற்றியது.

பிறகு தொலைக்காட்சி வந்தது. தொடரைச் சோயும் கெவின் ஒயிட் என்பவரும் கூட்டாக உருவாக்கினார்கள். எழுத்துக் குழுவை நடத்தும் பொறுப்பு ஒயிட்டிடம் இருந்தது. உம்மாவாக நடித்த ஜீன் யூன், மகனாக நடித்த சிமு லியு இருவரும் 2021 ஜூனில், தொடர் முடிந்த பிறகு, பகிரங்கமாகப் பேசினார்கள். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள் என்றார் லியு. எழுத்துக் குழுவில் ஆசியப் பெண்கள், அதிலும் கொரியப் பெண்கள் இல்லாத குறை தன் வேலையையே வேதனையாக்கியது என்றார் யூன். ஐந்தாம் பருவத்தின் கதைகள் முன்கூட்டியே கையில் கிடைத்தபோது, அவற்றில் அப்பட்டமான இனவெறியும் கொரியப் பண்பாட்டுக்குப் பொருந்தாத செய்திகளும் இருந்ததைக் கண்டு, நடிகர்கள் ஒன்றுகூடி எதிர்ப்புத் தெரிவித்ததாகவும் அவர் சொன்னார்.

தோழர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். திரையில் தெரிந்தது கொரியக் குடும்பம். பார்த்தவர்கள் இரு கட்சியாகி, இது எங்கள் வீடு என்றும் எங்கள் வீடு அல்ல என்றும் வாதாடினார்கள். அந்த வீட்டுத் தாயாக நடித்தவரோ, இந்த வீட்டில் தாய் இப்படிப் பேச மாட்டாள் என்று எழுத்துக் குழுவோடு போராடிக்கொண்டிருந்தார். எந்தக் கட்சிக்கும் அது தெரியாது.

'வந்ததற்கே நன்றியோடு இரு'

லியு சொன்ன மற்றொன்றுதான் எங்களை உலுக்கியது. நடிகர்களுக்குக் கிடைத்த சம்பளம் மிகக் குறைவு என்றார். அதே சி.பி.சி.யில் ஓடிய 'ஷிட்ஸ் கிரீக்' தொடரோடு ஒப்பிட்டு அதைச் சொன்னார். ஏன் சேர்ந்து நின்று கூடுதலாகக் கேட்கவில்லை? அதற்கும் பதில் சொன்னார். இந்த இடத்துக்கு வந்ததற்கே நன்றியோடு இருக்க வேண்டும் என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாம். படகை ஆட்டிவிடப் பயமாக இருந்ததாம். தங்களுக்குள் சண்டையும் இருந்ததாம்.

இந்த மூன்று காரணங்களையும் கனடாவுக்குப் போய்த்தான் கேட்க வேண்டுமா? வேலை வாங்கிக் கொடுத்த மேஸ்திரி சொல்வதும் இதுதான், குடிசைக்கு வாடகை வாங்குபவன் சொல்வதும் இதுதான். வேற்றூர்க்காரனுக்கு இடம் கொடுத்திருக்கிறோம், வாயைத் திறக்காதே என்கிறார்கள். நன்றி நல்ல குணம். நாம் அதை மறப்பவர்கள் அல்ல. ஆனால் ஒருவன் தன் உழைப்புக்கு உரிய கூலியைக் கேட்கும்போது, அவன் வாயில் நன்றியைத் திணிப்பவன் நன்றியைக் கேட்கவில்லை. கூலியில் ஒரு பங்கைப் பிடித்தம் செய்கிறான்.

2020ல் ஆறாம் பருவம் வரை உண்டு என்று அறிவிக்கப்பட்ட தொடர், மறு ஆண்டு மார்ச்சில், ஐந்தோடு முடிகிறது என்று அறிவிக்கப்பட்டது. உருவாக்கிய இருவரும் வேறு வேலைக்குப் போகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். தொடரில் நடித்தவர்கள் இன்னும் இருந்தார்கள். பார்த்தவர்களும் இருந்தார்கள். முடிவு மட்டும் அவர்கள் கையில் இல்லை. அதன்பின் கிளைத்தொடர் ஒன்று வந்தது, 'ஸ்ட்ரேஸ்' என்று பெயர். முக்கியப் பாத்திரங்களில் ஒரே வெள்ளைக்காரப் பாத்திரமான ஷானனுக்குத்தான் அந்தத் தனித்தொடர் கிடைத்தது. நடித்த பெண்மீது யாருக்கும் பகை இல்லை. லியுவும் அதைத் தெளிவாகச் சொன்னார். ஆனால் கடை நடத்தியது கிம் குடும்பம், கல்லாச் சாவி வேறு இடத்தில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மறுப்போருக்கு

வாய்ப்பும் புகழும் கொடுத்த தொடரையே தூற்றலாமா என்று இவர்களைக் குறை சொன்னவர்கள் உண்டு. நாங்கள் கேட்கிறோம்: உழைத்தவன் கணக்குக் கேட்டால் அது தூற்றலா? அந்தத் தொடருக்கு முகமும் குரலும் உயிரும் கொடுத்தவர்கள் இவர்கள். தொடரை வெறுத்து அவர்கள் பேசவில்லை. இன்னும் நன்றாக வந்திருக்க வேண்டும் என்ற ஆற்றாமையில் பேசினார்கள்.

கொரியக் கதையைக் கொரியர்தான் எழுத வேண்டுமா, பிறர் எழுதக் கூடாதா என்றும் கேட்பார்கள். எழுதலாம். நாங்கள் தடை போடவில்லை. தெரியாத வீட்டைப் பற்றி எழுதுபவன், அந்த வீட்டுக்காரி பக்கத்திலேயே இருக்கும்போது அவளைக் கேட்டு எழுதட்டும். அவள் தவறு என்று சொன்னால் திருத்தட்டும். கேட்கவும் மாட்டேன், திருத்தவும் மாட்டேன் என்றால் அது எழுத்தாளன் உரிமை ஆகாது. முதலாளி உரிமை ஆகும்.

சிரிக்க வந்த இடத்தில் அரசியல் எதற்கு என்பாரும் உண்டு. சம்பளத்தில், ஒப்பந்தத்தில், யார் எழுதுவது என்பதில் அரசியலை முதலில் வைத்தவர்கள் நாம் அல்லவே!

நமக்குள்ள பாடம்

இந்தக் கதையில் நம்பிக்கை தரும் பக்கமும் இருக்கிறது. தொடரில் கிம்ச்சி என்ற நண்பனாக நடித்த ஆண்ட்ரூ புங், பின்பு தாமே ஒருவரோடு சேர்ந்து 'ரன் த பர்ப்ஸ்' என்ற தொடரை உருவாக்கினார். அதே சி.பி.சி.யில் அது 2022 முதல் 2024 வரை மூன்று பருவம் ஓடியது. நடித்தவர் பேனாவைக் கையில் எடுத்தார். சோயின் மேடை நாடகமும் சாகவில்லை. 2011ல் மகனாக நடித்தவர், 2024ல் லண்டன் மேடையில் அப்பாவாக நடித்தார். தொலைக்காட்சிக் கடை மூடப்பட்டபின்னும் நாடகக் கடை திறந்தே இருக்கிறது, ஏனென்றால் அதை எழுதிய கை அவருடையது.

இனி நம்மைப் பற்றி ஒரு படமோ தொடரோ வரும்போது, மானம் போயிற்று என்று ஒரு சாராரும், நம் முகம் வந்ததே போதும் என்று ஒரு சாராரும் நமக்குள் மோதிக்கொள்ள வேண்டாம். மூன்று கேள்வி கேட்போம். எழுதியவர் யார்? தவறு என்று சொன்னால் திருத்தினார்களா? நடித்தவருக்கும் உழைத்தவருக்கும் என்ன கூலி கொடுத்தார்கள்? இந்த மூன்றுக்கும் நேர்மையான பதில் இருந்தால் நம்மைப் பார்த்து நாமே வயிறு வலிக்கச் சிரிப்போம். நம் வீட்டுக் கோணல்கள் நமக்குத் தெரியாதவையா என்ன!

நம் பிள்ளைகள் மூன்று மொழி பேசுகிறார்கள். வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று, தெருவில் ஒன்று. அவர்களிடம் கதை இருக்கிறது. சங்கத்து ஆண்டு விழா மேடை ஆண்டுக்கொரு முறை அவர்களுக்காகக் காத்திருக்கிறது. சினிமாப் பாட்டுக்கு ஆடியது போதும். தங்கள் தகப்பன் இந்த ஊருக்கு ரயிலேறி வந்த கதையை, அவன் பேசும் மொழியிலேயே, அவன் கோபத்தோடும் கோணலோடும் எழுதட்டும். முதல் வரிசையில் அந்தத் தகப்பனே உட்கார்ந்து கேட்கட்டும். தவறு என்று அவன் எழுந்து சொன்னால், அங்கேயே திருத்தட்டும்.