லென்ஸ் போட்ட எல்.இ.டி.

எல்.இ.டி.க்கு முன்னால் லென்ஸ் வைத்தால் வெளிச்சத்தின் செறிவே கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. ஒளிமூலத்தின் பரப்பில் இருக்கும் செறிவை எந்த லென்ஸாலும் மிஞ்ச முடியாது. அது இயற்பியல் விதி. அப்படியானால் லென்ஸால் கண்ணுக்கு என்ன கெடுதல் என்ற கேள்வி நியாயமானதே. கெடுதல் தூரத்தின் வழியாக வருகிறது. 1 மில்லிமீட்டர் எல்.இ.டி. சில்லை 4 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அது வெறும் புள்ளி. விழித்திரையில் அதன் பிம்பம் மிகச் சிறியது. கண் ஓயாமல் அசைவதால் அதுவும் ஓரிடத்தில் நிலைப்பதில்லை. அதே சில்லைக் குவியத்தில் வைத்து 4 சென்டிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால், கற்றைக்கு நேரே நிற்பவருக்கு அந்தக் கண்ணாடி வட்டம் முழுவதும் சில்லின் பிரகாசத்தோடு எரிவதாகத் தெரியும். பிம்பத்தின் அகலம் 40 மடங்கு. மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தால் மட்டுமே நேரக்கூடிய தீங்கு, இப்போது அறையின் மறுகோடியில் நிற்பவரையும் எட்டுகிறது.

கூசினால் கண் தானாக மூடிக்கொள்ளுமே என்பார்கள். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. விளக்குகளுக்காக 2006-இல் வந்த ஐ.இ.சி. 62471 தரவிதியே, தன் இரண்டாம் அபாயப் பிரிவில் கால் நொடியில் கண் விலகிவிடும் என்பதை நம்பித்தான் கணக்குப் போடுகிறது. ஆனால் கூச்சம் என்பது கண் உணரும் பிரகாசத்துக்குக் காட்டும் எதிர்வினை. வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பது 450 நானோமீட்டரை ஒட்டிய நீலச் சில்லு. அதன் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. விழித்திரையை ஒளிவேதியியல் முறையில் அதிகம் பாதிக்கும் அலைநீளம் 440-ஐ ஒட்டியது. அங்கேதான் நம் பார்வையுணர்வு பச்சைக்கு இருப்பதில் நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவு. அதனால் பூச்சில்லாத அடர்நீல எல்.இ.டி. தன் தீங்குக்கு ஏற்ற அளவு கூசாது. லென்ஸைச் சரிசெய்பவரின் நிலை இன்னும் மோசம். இருட்டறையில் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரிந்திருக்க, கூச்சத்தைப் பொறுத்துக்கொண்டு அவர் மறுபடி மறுபடி உற்றுப் பார்க்கிறார். விட்டுவிட்டுப் பார்த்தாலும் விழித்திரை ஏற்கும் ஒளியின் அன்றைய அளவு கூடிக்கொண்டே போகும். விழித்திரைக்கு வலி தெரியாது; பாதிப்பு சில மணி நேரம் கழித்தே வெளிப்படலாம்.

இதைக் கைபேசித் திரைகளின் நீல ஒளியோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. அவை பாதுகாப்பு வரம்புக்கு வெகு கீழே இருக்கின்றன. அந்தப் பயத்தைக் காட்டிக் கண்ணாடி விற்பது, உண்மையான ஆபத்தை மறைக்கிறது.

லென்ஸ் ஆபத்தைத் தூரத்துக்கும் கொண்டுசெல்வதால் தனிச் சில்லின் சான்றிதழ் போதாது. லென்ஸோடு பூட்டிய விளக்கையே சோதிக்க வேண்டும். லூமன் மொத்த ஒளியைத்தான் சொல்லும், அது எவ்வளவு குறுகிய கற்றையாக வருகிறது என்று சொல்லாது. ஜூம் டார்ச்சின் பெட்டியில் அபாயப் பிரிவையும் அச்சிடச் சொல்லலாம். குழந்தைகள் கையில் கொடுப்பதற்கு அது அவசியம். அவர்களின் கண்வில்லை நீலத்தைப் பெரியவர்களின் கண்ணைவிட அதிகம் உள்ளே விடுகிறது. வீட்டிலோ பட்டறையிலோ லென்ஸ் பொருத்துபவர்கள் மின்னோட்டத்தை மிகக் குறைத்து, அறை விளக்கைப் போட்டு, பளபளப்பில்லாத வெள்ளைத் தாளில் விழும் வட்டத்தைப் பார்த்தே குவியத்தைச் சரிசெய்யலாம். லென்ஸுக்குள் எட்டிப் பார்க்க வேண்டிய தேவை எந்தக் கட்டத்திலும் வராது.