ட்ரோனைக் காக்கும் பொறுப்பு எல்லையில் மட்டும் இல்லை

ராணுவ ட்ரோனை வீழ்த்த ஏவுகணை வேண்டும் என்பதில்லை. இயக்குபவரோடு அதை இணைக்கும் ரேடியோ அலையைக் குலைத்தாலே அது செயலிழக்கக்கூடும். போலி ஜிபிஎஸ் சிக்னலைக் கொடுத்தால் திசை மாறி எதிரியின் மண்ணிலேயே இறங்கிவிடக்கூடும். இவை இரண்டையும்விட ஆபத்தானது, உள்ளிருக்கும் சிப்பிலும் மென்பொருளிலும் யாரோ முன்கூட்டியே வைத்துவிட்ட திருட்டு வழி.

2025 பிப்ரவரியில், 230 கோடி ரூபாய்க்கும் மேல் மதிப்புள்ள 400 ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களைப் பாதுகாப்பு அமைச்சகம் ரத்து செய்தது. அவற்றில் சீன உதிரிபாகங்கள் இருந்ததே காரணம். வலிக்கிற முடிவுதான்; ஆனால் சரியான முடிவு.

2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. ஆகவே, வெளிக்கூடு உள்நாட்டில் செய்யப்பட்டு மூளை வெளியிலிருந்து வருவது இன்றும் நடக்கக்கூடியதே. அந்த மூளையைச் செய்யும் திறன் நம் சென்னையில் இருக்கிறது. அடையாறை ஒட்டி ஐஐடி, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம், ஆளில்லா விமான ஆய்வில் பல ஆண்டுகள் உழைத்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. என எல்லாம் அருகருகே உள்ளன. சற்றுத் தள்ளி அரக்கோணத்தில், கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து 2020 முதல் பெரிய கண்காணிப்பு ட்ரோன்கள் பறக்கின்றன.

கல்லூரி ப்ராஜெக்டுக்கு ரிச்சி தெருவில் மலிவான கன்ட்ரோலர் வாங்குவதில் தவறில்லை. அதே பழக்கம் ராணுவத்துக்குச் செய்யும் கருவிக்குள்ளும் நுழைவதுதான் தவறு. அதற்காகப் பொறியாளரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. குறைந்த விலை கேட்பவருக்கே டெண்டர் என்றால், பாதுகாப்பான சிப்புக்கும் சங்கேதக் குறியீட்டுக்கும் செலவு செய்பவர் எப்படிப் பிழைப்பார்? அந்தச் செலவை அரசு விலையில் சேர்க்க வேண்டும். தரமான உள்நாட்டு ஆராய்ச்சிக்கு வங்கிகளும் முதலீட்டாளர்களும் பொறுமையோடு பணம் தர வேண்டும்.

பொதுமக்களுக்கும் பங்குண்டு. ராணுவ நடமாட்டங்களை நேரலையில் காட்ட வேண்டாம் என்று 2025 மே மாதம் ஊடகங்களுக்கு மத்திய அரசு சொன்ன அறிவுரை, மயிலாப்பூர் மாடியில் நின்று ரீல்ஸ் எடுப்பவருக்கும் பொருந்தும். சொந்தமாக ட்ரோன் வைத்திருப்பவர், பறக்கவிடும் முன் அந்த இடம் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாத சிவப்பு மண்டலமா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு உதிரிபாகமும் எந்த நாட்டில், எந்த ஆலையில் உருவானது என்ற பட்டியலை இனி ஒவ்வொரு ராணுவ ட்ரோனோடும் கையெழுத்திட்டுத் தர சென்னை நிறுவனங்கள் தாமாகவே முன்வர வேண்டும். அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டாம்.