போட் கீ: கரையின் முகமும் அதன் மனிதர்களும்

சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணி 1977ல் தொடங்கி 1987ல் நிறைவுற்றது. இடையில், 1983ல், சரக்கேற்றிய தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்கிற்கு இடம் மாறின. 1989ல் போட் கீ பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது.

தாழ்வான கடைவீடுகள், ஐந்தடி நடைபாதை, ஆற்றில் இறங்கும் படிகள் ஆகியவை தப்பியதற்கு அந்த முடிவே காரணம். பின்னால் வங்கிக் கோபுரங்கள் உயர்ந்தபோதும் கரை தன் முகத்தை இழக்கவில்லை.

ஆனால் கட்டடம் காத்த அளவுக்கு அங்கு உழைத்தவர்களின் சுவடு காக்கப்படவில்லை. தொடக்க காலத்தில் இங்கு படகோட்டியவர்களில் தமிழ் முஸ்லிம்கள் பலர். அருகிலுள்ள மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. அவை இன்று இல்லை. சூலியா ஸ்திரீட் என்ற பெயரும் ஆற்றங்கரையில் உள்ள செட்டியார் சிலையுமே மிச்சம்.

இன்று நீரோரத்தின் பெரும்பகுதியை உணவக மேசைகள் நிரப்புகின்றன. பணம் செலவழிப்பவர் அமர்கிறார். மற்றவர் நடந்து கடக்கிறார். நிழல் மரமும் இலவச இருக்கையும் அழகுக்கான சேர்க்கைகள் அல்ல. வேலை முடிந்த ஊழியரும் பேரப்பிள்ளையுடன் வரும் தாத்தாவும் கரையில் தங்குவதா, கடந்து போவதா என்பதை அவைதான் முடிவு செய்கின்றன.