புல்தானே என்று நினைக்கலாமா?

கோடை விடுமுறைக்கு ஊட்டி போய்விட்டு வந்த எதிர் வீட்டு அக்கா என்னிடம் கேட்டார்: "ஏன் தங்கச்சி, அந்த மலையிலே பாதி இடம் வெறும் புல்லாக் கிடக்கே! நாலு மரம் நட்டா குளிர்ச்சியா இருக்காதா?"

நல்ல மனசோடு கேட்ட கேள்வி. ஆனால் நூறு வருஷத்துக்கு மேலாக நீலகிரியைக் கெடுத்ததும் இதே நினைப்புதான், சகோதரிகளே!

ஊட்டிக்கு மேற்கே முக்கூர்த்தி தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு சுமார் 78 சதுர கிலோமீட்டர். நம் மாநில விலங்கான வரையாட்டுக்காகவே காப்பாற்றப்பட்டு, 1990-ல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே மேடெல்லாம் புல்வெளி, பள்ளத்தில் மட்டும் சின்னச் சின்ன சோலைக் காடு. இயற்கை போட்ட கோலம் அது.

வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். புல்லைப் பார்த்து 'தரிசு' என்று கணக்கு எழுதினார்கள். விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் கற்பூர மரமும் வந்தன. (இந்தச் சீகை, நாம் தலைக்குத் தேய்க்கும் சீயக்காய் அல்ல. இதன் பட்டை தோல் பதனிட உதவும்.) சுதந்திரத்துக்குப் பிறகும் நடவு நிற்கவில்லை. மரக்கூழிலிருந்து செயற்கைப் பட்டு நூல் எடுக்கும் ஆலைகளுக்கு மரம் தேவைப்பட்டது. யோசித்துப் பாருங்கள்: அடுப்பு விறகு, காலுக்குச் செருப்பு, கட்டிக்கொள்ளப் புடவை! மலையின் புல் போனதில் நம் வீட்டுச் சாமான்களுக்கும் பங்கு உண்டு.

போனால் என்ன என்கிறீர்களா? முதல் நஷ்டம் தண்ணீர். பைக்காரா ஆறு முக்கூர்த்தி சிகரத்தருகே பிறந்து, மோயாறாக ஓடி, பவானிசாகர் அணைக்கு வருகிறது. ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் வயலுக்கும் குடத்துக்கும் அந்தத் தண்ணீர்தான். மழையை வாங்கி, மண்ணில் வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுவது புல்வெளியின் குணம். கற்பூர மரமோ தானே குடித்துவிடும். நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில் அளந்து பார்த்தார்கள். புல்லை எடுத்துக் கற்பூர மரம் வைத்த சரிவில் ஓடிவரும் நீர் முதல் பத்தாண்டிலேயே சுமார் 16 சதவீதம் குறைந்துவிட்டதாம்!

அடுத்த நஷ்டம் வரையாட்டுக்கு. புல்தான் அதற்குச் சோறு. 2024-ல் எடுத்த கணக்கில் தமிழ்நாடு முழுவதிலும் ஆயிரத்துச் சொச்சம்தான் இருந்தன. தோடர் இன மக்களுக்கும் இது நஷ்டமே. அவர்களுடைய எருமைகளுக்கு மேய்ச்சலும், கோயில் கூரைக்கு வேய்கிற புல்லும் இந்த மலையில்தான் கிடைக்க வேண்டும்.

சரி, மரத்தை வெட்டிவிட்டால் போச்சு என்றால், அங்கேதான் சங்கடம். சீகையின் விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். வெட்டினாலோ தீப்பட்டாலோ கீரைப் பாத்தி மாதிரி குபுகுபுவென்று முளைக்கும். நட ஒருநாள் போதும். களைய ஒரு தலைமுறை பொறுமை வேண்டும். அந்நிய மரங்களை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. 2022-ல் தமிழக அரசும் இதற்கென்று கொள்கை வகுத்தது. வெட்டிய இடத்தில் வருஷா வருஷம் நாற்றுப் பிடுங்கினால்தான் புல் திரும்பும். விறகுக்குச் சீகையையே நம்பியிருக்கும் மலைக் குடும்பங்களுக்கும் மாற்று வழி காட்ட வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

* "மலையில் மரம் வெட்டுகிறார்கள்" என்று சேதி படித்ததும் கொதித்து எழாதீர்கள். எந்த மரம், எந்த இடம் என்று விசாரியுங்கள்.
* பிள்ளைகள் பள்ளியில் மரக்கன்று கொடுத்தால் வீட்டுப் பக்கம் நடட்டும். வேம்பும் புங்கையும் நம் ஊருக்கு அழகு. புல்மலையில் மட்டும் வேண்டாம்.
* ஊட்டிக்குப் போகும்போது பிளாஸ்டிக் பாட்டிலை விட்டுவிட்டு, எவர்சில்வர் கூஜாவை எடுத்துச் செல்லுங்கள். வரையாட்டைக் கண்டால் தின்பண்டம் போடாமல் தூர நின்று பாருங்கள்.

எதிர் வீட்டு அக்காவிடம் இவ்வளவும் சொன்னேன். "அப்போ அந்தப் புல்லுதான் நம்ம குடத்துத் தண்ணியா?" என்றார். ஆமாம் அக்கா, அதேதான்!