கிராமப் பெண்களுக்கு விஞ்ஞானச் செய்தி

நாற்று நடுதல், களையெடுத்தல், விதை பேணல், கறவை மாடுகளைக் காத்தல் ஆகியவை நாட்டின் பல பகுதிகளிலும் பெண்களின் பொறுப்பிலேயே உள்ளன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தொழில் புரிந்த பெண்களில் நூற்றுக்கு 65 பேர் பயிரிடுவோராகவோ விவசாயத் தொழிலாளராகவோ இருந்தனர். ஆயினும், ஆராய்ச்சி நிலையங்களின் முடிவுகள் அவர்களை நேராகச் சென்றடைவது அரிதாகவே இருக்கிறது.

கிராமப் பெண்கள் இத்தகைய செய்திகளை நாடுவதில்லை என்று கூறுவோர் உளர். நாடுவதற்கு வழி உண்டா என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும். 2004ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய உழவர் அழைப்பு மையங்கள் கட்டணமின்றிப் பிராந்திய மொழிகளில் விடையளிக்கின்றன. ஆனால், ஐயத்தைக் கேட்கத் தொலைபேசி வேண்டுமே! 2019–21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான கிராமப் பெண்களில் தாமே பயன்படுத்தும் கைபேசி உடையவர் நூற்றுக்கு 47 பேரே. இணையத்தை ஒரு முறையேனும் பயன்படுத்தியவர் கிராம ஆடவரில் நூற்றுக்கு 49 பேர்; பெண்களில் 25 பேர். அப்பெண்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் எழுத்தறிவு பெறாதவர். ஆகவே, தேவை இல்லை என்பது பொருந்தாது; தேவையைக் கூறும் வாயில் இல்லை என்பதே உண்மை.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. பூச்சிமருந்தின் அளவை ஆடவர் கேட்டறிகின்றனர். மருந்து தெளித்த வயலில் எத்தனை நாள் கழித்து இறங்கலாம் என்பது, களையெடுக்கச் செல்லும் பெண்ணுக்கு எட்டாமற் போகிறது. தீங்கோ அவள் உடலையே சேர்கிறது.

வாயிலைத் திறப்பது இயலாத காரியம் அன்று. 1998ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. மக்களின் தேவைகள் முதலில் கேட்டறியப்பட்டன. உள்ளூர்ப் பெண்கள் பலர் கணிப்பொறியில் பயிற்சி பெற்று மையங்களை நடத்தினர். வீராம்பட்டினம் மீனவர் கிராமத்தில் அலைகளின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு ஒலிபெருக்கி வாயிலாகக் கூறப்பட்டது. அதைக் கேட்க எழுத்தறிவும் வேண்டியதில்லை; சொந்தக் கருவியும் வேண்டியதில்லை.

ஆகவே, மகளிர் சுய உதவிக் குழுக்கள் கூடும் இடத்திலேயே, வேலை ஓய்ந்த வேளையில், பெண் அலுவலர் மூலம் செய்தி வழங்குதல் வேண்டும். அவர்கள் எழுப்பும் வினாக்களைக் குறித்து ஆராய்ச்சி நிலையங்களுக்கு அனுப்புதலும் இன்றியமையாதது. எத்தனை செய்திகள் வெளியிடப்பட்டன என்பது தொண்டின் அளவுகோல் ஆகாது. எத்தனை பெண்கள் வினவி உரிய காலத்தில் விடை பெற்றனர் என்பதே அளவுகோல் ஆதல் வேண்டும்.