கையெழுத்து நம்முடையது, அது போகும் வழியும் நமக்குத் தெரிய வேண்டும்



மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி என்று நம்மில் பலர் கணக்குக் கொடுத்து வருகிறோம். தனி உரிமையாளரும் கூட்டு வணிகரும் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைப் போட்டு வேலையை முடித்துவிடலாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகவோ எல்.எல்.பி.யாகவோ பதிவு செய்துகொண்ட மொத்த வியாபாரிகளுக்கு அந்த வசதி இல்லை. டோக்கனைக் கம்ப்யூட்டரில் செருகி, டிஜிட்டல் கையெழுத்துப் போட்டாக வேண்டும். கடைசி நாளில் ‘இணைப்புக் கிடைக்கவில்லை’ என்று திரை சொன்னால் என்ன செய்வது? ‘ஆடிட்டர் ஆபீஸ் பையன் பார்த்துக்கொள்வான்’ என்று இருந்துவிடுவது சரியல்ல என்பதே நம் கருத்து.

இது மொத்த வியாபாரியின் தலைவலி மட்டுமல்ல. அவருடைய ஜி.எஸ்.டி.ஆர்.-1 உரிய நாளில் ஏறாவிட்டால், 14ஆம் தேதி உருவாகும் சில்லறைக் கடைக்காரரின் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி பட்டியலில் அந்த பில் இடம்பெறாது. சரக்குக்கு வரி கொடுத்திருந்தும் அந்த மாதம் வரவு எடுக்க முடியாமல், அவர் கைக்காசைப் போட்டு வரி கட்ட வேண்டும். 3பி தாமதமானாலோ, நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம். கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

கோளாறு எங்கே என்று பார்ப்போம். முன்பெல்லாம் கையெழுத்துப் போடும் ஜாவா ப்ளக்-இன் பிரவுசருக்குள்ளேயே இயங்கியது. பாதுகாப்புக் குறை காரணமாக 2015இல் குரோமும், 2017இல் ஃபயர்பாக்ஸும் அந்த வகை ப்ளக்-இன்களை நிறுத்திவிட்டன. ஆகவே ஜி.எஸ்.டி. தளத்துக்கு எம்சைனர் என்ற தனி புரோகிராம் நம் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது. பிரவுசர் அதனுடன் 127.0.0.1 என்ற முகவரியில், 1585 என்ற வாசல் வழியாகப் பேசுகிறது. அந்த முகவரிக்குப் பொருள், ‘இதே கம்ப்யூட்டர்’ என்பதுதான்.

ஊழியர்கள் வேலை நேரத்தில் படம் பார்க்காமல் இருக்கப் பல அலுவலகங்களில் ப்ராக்ஸி சர்வர் வைத்திருக்கிறார்கள். வெளியே போகும் இணையப் போக்குவரத்தைச் சோதித்து அனுப்பும் செக்போஸ்ட் அது. கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனுக்குப் போகிறவனையும் செக்போஸ்டுக்கு அனுப்பினால், அவன் எப்படிச் சரக்கு எடுத்து வருவான்? இன்றைய குரோமும் ஃபயர்பாக்ஸும் இந்த உள்முகவரியை ப்ராக்ஸிக்கு அனுப்புவதில்லை. ஆனால் பழைய பிரவுசரும், யாரோ மாற்றிவைத்த அமைப்பும், வலைப்போக்குவரத்தை வடிகட்டும் ஆன்டிவைரஸும் அந்தத் தவறைச் செய்கின்றன.

ஆகவே வரிசையாகப் பாருங்கள். முதலில், டோக்கன் சரியாகச் செருகியிருக்கிறதா, எம்சைனர் ஓடுகிறதா என்று பார்த்து, ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ முறையில் மறுபடி தொடங்குங்கள். அடுத்து, பிரவுசரில் எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கி 127.0.0.1:1585 என்ற முகவரியைத் திறந்து, வரும் எச்சரிக்கையை ஏற்றுக்கொள்ளுங்கள். நம் கம்ப்யூட்டரே தனக்குத் தந்துகொண்ட சான்று என்பதால்தான் பிரவுசர் சந்தேகப்படுகிறது. வெளித் தளம் எதற்கும் இப்படி ஏற்றுக்கொள்ளக் கூடாது. மூன்றாவதாக, விண்டோஸ் ப்ராக்ஸி அமைப்பின் விலக்குப் பட்டியலில் 127.0.0.1, லோக்கல்ஹோஸ்ட் இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

அப்படியும் நடக்கவில்லையானால் ஒரு சோதனை உண்டு. ப்ராக்ஸியை நிறுத்திவிட்டு, செல்போன் ஹாட்ஸ்பாட் வழியாக முயன்று பாருங்கள். கையெழுத்து விழுந்தால் குற்றம் அலுவலக நெட்வொர்க்கில்; விழாவிட்டால் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் அல்லது டோக்கனில். யாரைக் கூப்பிடுவது என்பது இதிலேயே தெளிந்துவிடும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. ஆன்டிவைரஸை அடியோடு நிறுத்திவைக்கும்படி சிலர் யோசனை சொல்வார்கள். இன்னும் சிலர் தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்க அனுமதி கேட்டு, டோக்கனின் பின் நம்பரையும் கேட்பார்கள். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, இந்தக் கையெழுத்துக்குச் சட்ட மதிப்பு உண்டு. வெற்று செக்கில் கையெழுத்துப் போட்டு நீட்டுவோமா? பின் நம்பரைத் தருவதும் அதுவே. அதைப் பலமுறை தவறாக அடித்தால் டோக்கனே பூட்டிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் வேண்டுகோள் இரண்டு. திரையில் வரும் செய்தி தமிழிலும் வர வேண்டும். டோக்கனா, எம்சைனரா, ப்ராக்ஸியா, தளமா, தடை எங்கே என்று அது பிரித்துச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வணிகர் சங்கங்கள் இந்தச் சோதனைகளை ஒரு தாளில் அச்சிட்டு உறுப்பினர்களுக்கு வழங்கி, அரை நாள் பயிற்சியும் நடத்த வேண்டும்.

எடைக்கல்லையும் தராசையும் பிறர் பொறுப்பில் விட்டு நாம் வியாபாரம் செய்ததில்லை. கையெழுத்தை மட்டும் ஏன் விட வேண்டும்? வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். 11ஆம் தேதிக்குக் காத்திராமல் 8ஆம் தேதியே கையெழுத்துப் போட்டுப் பாருங்கள். கோளாறு இருந்தாலும் சரிசெய்ய மூன்று நாள் கையில் இருக்கும்.